ராணிக்கு ஏது ஊர்

நசரத்பேட்டையில் நெடுஞ்சாலை ஓரம் இட்லிக் கடை வைத்திருந்த கெங்கம்மாளுக்குத் தனக்கொரு புருஷன் இருப்பதே மறந்துபோனது, தொண்ணூறாம் வருஷம் அந்த ஒட்டகம் வந்த பிறகுதான். குழந்தைகளை ஏற்றிச் சவாரி விடும் ஒருவன், கால் வீங்கிய ஒட்டகத்தைக் கடையோரம் கட்டிவிட்டு, ஒரு வாரத்தில் வருகிறேன் என்று லாரி ஏறினான். அதோடு ஆளைக் காணோம்.

கெங்கம்மாள் அதற்கு ராணி என்று பேர் வைத்தாள். விடிந்ததும் ராணிக்குத் தழை. புருஷன் வேம்புலிக்குக் காபி அதற்குப் பிறகுதான், அதுவும் ஆறி அவலாகி.

வேம்புலி வீட்டோடு மாப்பிள்ளை. சண்டை வந்தால் அவள் சொல்வது ஒன்றுதான்: "போ, உன் ஊருக்கே போ." அங்கே அவனுக்கு ஒரு நாதி இல்லை என்பது தெரிந்த தைரியம்.

அவள் கொரட்டூரில் அக்கா வீட்டுக்குப் போன நாளாகப் பார்த்து வேம்புலி ராணியை ஏற்றிப்போக லாரி பேசிவிட்டான். வாணியம்பாடிக்கு அப்பால் காட்டில் விட்டால் தன் இனத்தோடு சேர்ந்துகொள்ளும் என்று நினைப்பு. ஆனாலும் நல்ல மனசு. பயணத்தைக் கால் தாங்குமா என்று பார்க்க, மாட்டாஸ்பத்திரி டாக்டர் பக்தவத்சலத்தைக் கூட்டிவந்தான்.

காட்டில் விடப்போவதைக் கேட்டு டாக்டர் சிரித்துவிட்டார். ரெட்டைத் திமில் ஒட்டகமாவது சீனா பக்கம் கோபிப் பாலைவனத்தில் கொஞ்சம் தன்னிஷ்டத்துக்குத் திரிகிறதாம். ராணி மாதிரி ஒற்றைத் திமிலுக்கு அதுவும் இல்லை. மூவாயிரம் வருஷத்துக்கு முன் அரபு தேசத்தில் மனிதனோடு வந்தவற்றின் வம்சம்தான் மிச்சம். காட்டிலேயே நின்றதெல்லாம் அழிந்துவிட்டது. வியாபாரிகளோடு தேசம் தேசமாக நடந்து ரத்தம் கலந்ததில், இன்ன ஊர்ப் பிறவி என்றும் பிரித்துச் சொல்வது கஷ்டம் என்றார்.

"அப்போ அதுக்குன்னு ஒரு ஊரு, சனம் எதுவும் இல்லியா சார்?"

"நாமதாம்ப்பா அதுக்கு ஊரு."

ராணி வேம்புலியின் தோளில் எச்சில் ஒழுகத் தாடையை வைத்து அசை போட்டது. பாவம், இதுவும் வீட்டோடு வந்த ஜென்மம். லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கெங்கம்மாளுக்கு லாரி வந்த சேதி எட்டிவிட்டது. இடுப்பில் கை வைத்து வந்து நின்றவள், ராணிக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தவனைப் பார்த்து, "போ, உன்..." என்று ஆரம்பித்தாள்.

"அதுக்கும் ஊரு இல்லியாம் கெங்கா," என்றான் வேம்புலி. டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னான்.

கெங்கம்மாள் இடுப்பிலிருந்த கையை எடுத்தாள். உள்ளே போய் அடுப்பு மூட்டினாள். கொஞ்ச நேரத்தில் தம்ளரோடு வெளியே வந்தாள்.

"தழையை அப்பறம் போடலாம். சூடா கீது, நீ மொதல்ல குடி."