ஒரு ரோல் பாக்கியவதி

சவப்பெட்டியின் தலைமாட்டுக்கு அடியில் இன்னொரு செங்கல்லைச் செருகினார்கள். பாக்கியவதியின் முகம் இப்போது கேமராவுக்கு நேராக வந்தது. மகள் டெபோரா ஒரு பக்கம், கொழுந்தன்மார் மறுபக்கம், பின்னால் ஏரலில் இருக்கிற சொந்தமெல்லாம் என்று நெருக்கியடித்து நின்றது கூட்டம். புருஷன் எபனேசர் மட்டும் எதிரே, கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு. அமுக்கினார். கட்டைவிரலால் லீவரைத் தள்ளினார். அது எண்ணெய் போட்ட கதவு மாதிரிப் போயிற்று.

போயிருக்கக் கூடாது.

முப்பத்தாறு படத்துக்கான ரோல். முப்பத்தெட்டு வரை இழுத்துவிடலாம் என்பது எபனேசரின் கணக்கு. இன்று காலையிலிருந்து எடுத்ததோடு சேர்த்து அதையும் தாண்டிவிட்டது. முடிந்த ரோல் என்றால் லீவர் கல்லில் இடித்ததுபோல் நிற்கவேண்டும். அவர் கேமராவைக் கொஞ்சம் இறக்கி, இடது மூலையில் இருந்த சின்னக் குமிழைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை தள்ளினார். உள்ளே பிலிம் ஓடினால் அந்தக் குமிழும் கூடவே சுற்றும். குமிழ் அசையவில்லை.

ஏரல் கடைத்தெருவில் எபனேசரிடம் பாத்திரம் வாங்கி ஏமாந்தேன் என்று சொன்னவர் யாரும் இல்லை. லாபமாக வாங்கினேன் என்று சொன்னவரும் இல்லை. அப்படிப்பட்டவர் போன மாதம் தூத்துக்குடியில், கப்பலில் போய்வந்த ஒருத்தரிடம் இந்த ஜப்பான் கேமராவை விலைபேசினார். சாப்பாட்டு நேரம் வரை பேசினார். விலை இறங்கவில்லை. தோல் உறையையும் ஒரு ரோலையும் சும்மா வாங்கிக்கொண்டுதான் எழுந்தார். எழுந்தவர், இந்த ரோலில் இரண்டு படம் கூட விழாதா என்றும் கேட்டார். ஆளைக் கிளப்பினால் போதும் என்றிருந்த கப்பல்காரர் வழி சொன்னார். பிலிமின் நுனியை முழுசாகச் சுருளில் கொடுக்காமல் ஓரமாகத் துளி மட்டும் சொருகினால் இரண்டு மிச்சமாகும். ஆனால் பிடித்திருக்கிறதா என்று குமிழைப் பார்த்துக்கொள்ளவேண்டும். இதில் முதல் பாதி மட்டும் அன்று எபனேசர் காதில் ஏறியது; மறுபாதி இன்றுதான் நினைவுக்கு வந்தது.

கேமரா வாங்கியதே டெபோராவுக்காக. சென்னையில் நர்ஸ் வேலை. கிறிஸ்மஸுக்குக்கூட லீவு கிடைக்காமல், எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசும்போதெல்லாம் அம்மாவின் படம் ஒன்று அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாக்கியவதியோ ஸ்டுடியோ வாசற்படி ஏறமாட்டேன் என்றுவிட்டாள். வீட்டில் அவள் படம் என்று இருந்தது கல்யாணப் போட்டோ ஒன்றுதான். அதிலும் கண்ணை மூடியிருந்தாள். எபனேசர் கேமராவோடு அடுக்களைக்கும் கிணற்றடிக்குமாக அவள் பின்னாலேயே அலைந்தார். இருபது, இருபத்தைந்து படம் ஆயிற்று. கழுவக் கொடுத்திருக்கலாம். ஆனால் மிச்சமிருக்கிற ரோலைக் கழுவக் கொடுப்பது, பாதி விற்ற சரக்கை வீதியில் கொட்டுவது போல அவருக்கு. முடியட்டும் என்று வைத்திருந்தார்.

நேற்றுக் காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கார் வருவதற்குள் முடிந்துவிட்டது.

இன்று விடிந்ததும் ரயிலிலிருந்து வந்து இறங்கிய டெபோரா, அழுது ஓய்ந்தபின் அவரிடம் கேட்டது ஒன்றுதான். அம்மாவ எடுத்த ரோல் பத்திரமா இருக்கா என்று. பத்திரமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்.

பக்கத்துக் கயிற்றுக்கடை அப்பாத்துரை வந்து தோளைத் தொட்டார். "என்ன வே முழிக்கீரு? போதகர் காத்துக்கிட்டு நிக்காரு."

அறைக்குள் போய்ச் சரியாகச் சொருகிக்கொண்டு வர எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ரோல் முழுசும் புதுசாக அப்படியே இருக்கிறது. ஆசை தீர எடுக்கலாம். எபனேசர் செங்கல் மேல் உயர்ந்திருந்த முகத்தைப் பார்த்தார். கல்யாணப் போட்டோவில் இருந்த மாதிரியே இருந்தது.

"எடுத்தாச்சு," என்றார். "மூடச் சொல்லும்."

கல்லறைத் தோட்டம் வரைக்கும் கேமரா அவர் நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது. குழியருகே, அண்ணாச்சி படம் எடுக்கட்டும் என்று சொந்தக்காரர்கள் மரியாதையாக விலகி வழிவிட்டார்கள். டெபோராவை இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். கொழுந்தன்மார் ஒருவர் கையை ஒருவர் பற்றியிருந்தார்கள். எபனேசர் எதிர்ப்பக்கத்தில் தனியாக நின்று, மண் விழ விழ, சும்மா அமுக்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீடு காலியானது. கடைசியாக அப்பாத்துரையும் ஒரு செம்புக் காப்பியை வைத்துவிட்டுப் போனார். புறவாசலில் உட்கார்ந்திருந்த டெபோரா கையை நீட்டினாள்.

"ரோலத் தாங்கப்பா. நாளைக்குப் பாளையங்கோட்டைல கழுவக் குடுக்கேன்."

எபனேசர் அவள் எதிரில் உட்கார்ந்து கேமராவின் முதுகைத் திறந்தார். ரோல் நாக்கை மட்டும் நீட்டிக்கொண்டு, வாங்கின மேனிக்குக் கிடந்தது.

"சுத்தல," என்றார். "நான் சரியாச் சொருகல."

"எதுவுமேயா?"

"எதுவுமே."

ஓட்டைப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சத்தம் போடுகிறவர்களை அவருக்குப் பழக்கம். முழுக்கக் கத்தவிட்டு, மூச்சு வாங்குகிற நேரம் பார்த்துப் பேச்சை ஆரம்பிப்பார். இவள் கத்தவில்லை. கயிற்றில் நேற்றுப் போட்ட துணி இன்னும் எடுக்காமல் தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க," என்றாள்.

"என்னத்த?"

"என்னென்ன எடுத்திய? மொதல்ல இருந்து."

எபனேசர் காப்பியைத் தள்ளி வைத்தார். முதல் படம் கிணற்றடி என்றார். சோப்புக் கையோடு மறிக்கிறாள். படம் முழுக்க உள்ளங்கைதான் தெரிந்திருக்கும். அடுத்தது வத்தல் காயப்போடுகிறாள், காக்கையை விரட்டத் திரும்பிவிட்டாள், கொண்டை மட்டும். அடுத்தது வேதப்புத்தகத்தை மடியில் வைத்தபடியே தூங்குகிறாள், கண்ணாடி மூக்கு நுனியில். ஆற்றங்கரைக்குப் போனபோது ஒன்று; செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள், முதுகு. ஒவ்வொன்று முடியும்போதும் டெபோரா, அடுத்தது, என்றாள். கண்ணாடியைச் சொன்னபோது மட்டும் அவள் உதடு லேசாக அசைந்தது.

சொல்லச் சொல்லத் தீர்ந்துகொண்டே வந்தது.

"நேராப் பாத்து ஒண்ணுகூட இல்லையாப்பா?"

இல்லை. பாக்கியவதி ஒரு தடவைகூடக் கேமராவைப் பார்த்து நின்றவள் இல்லை. எபனேசர் வேட்டி நுனியால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்கே," என்றார். "இந்தா, இங்கனதான். நீ உக்காந்துருக்கியே, அதே எடத்துல. பச்சைச் சேலை. வேல முடிஞ்சு அக்கடான்னு உக்காந்துட்டு, என்னையவே பாத்துட்டு இருக்கா."

"சிரிக்காளா?"

அவர் யோசித்தார். "இல்ல," என்றார். "சிரிக்கப் போறா."

டெபோரா தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள், கையிலிருக்கிற படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பவள் போல.