இடது பக்கத்து பாங்கோ

ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் செய்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் எது கெட்டாலும் முதலில் ஒயரைத்தான் சந்தேகிப்பான். எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

என்னிடம் ஒரு பழைய இசைத்தட்டு இருக்கிறது. ஸ்டீரியோ வந்த புதிதில் போட்டது. பாட்டு கிடையாது, லத்தீன் அமெரிக்கத் தாளத்தில் பெரிய வாத்தியக் குழு. ஒலியை இரண்டாகப் பிரிக்கத் தெரிந்துவிட்ட கொண்டாட்டத்தில் அப்போது தலைகால் புரியாமல் பதிவு செய்திருக்கிறார்கள். பாங்கோ என்கிற சின்னக் கைமேளம் முழுக்க இடது காதில், ட்ரம்பெட்டுகள் முழுக்க வலது காதில், நடுவில் வயலின்கள். என் மனைவி இதை 'ஓட்டல் லிஃப்ட் சங்கீதம்' என்பாள். சொல்லிவிட்டுப் போகட்டும். நாள் முழுக்க ஊரார் பெட்டிகளின் கரகரப்பைக் கேட்டுவிட்டு வருகிறவன் நான். ஹெட்போனை மாட்டியதும் தலைக்குள் ஒரு பெரிய கூடம் திறந்துகொள்ளும். அங்கே யாரும் அழமாட்டார்கள், யாரும் என்னை எதுவும் கேட்கமாட்டார்கள். அதற்காக உயிரையே விடுவேன்.

ஒரு ஞாயிறு காலை பாங்கோவைக் காணோம். வலதில் ட்ரம்பெட் முழங்குகிறது. இடதில் 'உம்'மென்று ஓர் இரைச்சல் மட்டும்.

"தூசி தட்டுறேன்னு ஒயரை இழுத்தியா?" என்று மனைவியிடம் கத்தினேன்.

"உங்க பெட்டிய நான் எதுக்குத் தொடறேன்?" என்று வந்தவள் ஹெட்போனை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். "ரெண்டு பக்கமும் நல்லாத்தானே கேக்குது."

"ஆமா, பெரிய சங்கீத மேதை! உனக்குக் குக்கர் விசில் கேட்டாப் போதும்."

இந்த வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.

இசைத்தட்டில் ஓடும் ஊசியை மாற்றினேன். எல்லா இணைப்புகளையும் பிரித்து மறுபடி சால்டர் வைத்தேன். பெட்டியை அணைத்த பிறகும் இரைச்சல் நிற்கவில்லை, ஃப்ரிட்ஜைத் திட்டினேன். கடையில் இடப்பக்கம் நின்று பேசியவர்களிடம் "சத்தமாப் பேசுங்களேன், சாப்பிடலையா?" என்று எரிந்து விழுந்தேன். ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பார்க்க மட்டும் தோன்றவே இல்லை. இடது கிண்ணத்தில் நானே சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறேன். அதை வலது காதில் மாட்டுவது எனக்குச் செருப்பைக் கால் மாற்றிப் போடுவதுபோல. உள்ளுக்குள் தெரிந்தேதான் தவிர்த்தேனோ என்னவோ.

பதினோராம் நாள் மனைவி பொறுமையிழந்து ஹெட்போனைப் பிடுங்கினாள். திருப்பி என் தலையில் மாட்டினாள்.

பாங்கோ வந்துவிட்டது. வலது காதில், விரல் விழுவதுகூடத் தெளிவாக. ட்ரம்பெட்டுகளைக் காணோம். அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"எத்தனை நாளாச்சு?" என்று காது டாக்டர் கேட்டார்.

"பதினோரு நாள்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "திடீர்னு இப்படி ஆனா ரெண்டு மூணு நாளுக்குள்ள ஓடி வரணும். இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"ஒயர் மாத்திட்டிருந்தேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. "மாத்திரை தரேன். ரெண்டு வாரம் பாப்போம். உறுதியா எதுவும் சொல்ல முடியாது."

"எப்படியாவது பண்ணுங்க சார்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஊசி, ஆபரேஷன், எதுவானாலும் சரி." அவர் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டார்.

இரண்டு வாரம் ஒரு வேளை தவறாமல் விழுங்கினேன். பதினைந்தாம் நாள் காலை கட்டிலில் உட்கார்ந்து மனைவியை அழைத்தேன்.

"இடது காதுல ஏதாவது சொல்லு. மெதுவாச் சொல்லு."

வலது காதை உள்ளங்கையால் இறுக்கி அடைத்தேன். கண்ணையும் மூடிக்கொண்டேன். அவள் பக்கத்தில் உட்கார, கட்டில் லேசாக அமுங்கியது. காதோரம் மூச்சு சூடாகப் பட்டது.

"கேட்டுது!" என்று கத்தினேன். "சத்தியமாக் கேட்டுதுடி! 'என்னங்க'ன்னு கூப்பிட்டே!"

கண்ணைத் திறந்து, காதிலிருந்து கையை எடுத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"நான் இன்னும் வாயே திறக்கலைங்க" என்றாள்.