மூன்று முறை சொன்னாள்

சலவைக்கூடத்தில் எல்லோரும் அவர்களைப் பெரியவள், சின்னவள் என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். ஒரே வீட்டில் மேல்மாடியும் கீழ்த்தளமுமாகக் குடியிருந்தார்கள். ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே எந்திரத்தின் முன்னால் தோளோடு தோள் நின்று வேலை செய்தார்கள். ஆனால் நான்கு மாதமாக ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

சண்டைக்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. சின்னவளின் மகள் பரீட்சையில் கோட்டை விட்டதைப் பற்றிப் பெரியவள் நாத்தனாரிடம் ஃபோனில் ஏதோ சொன்னாள். நாத்தனார் அதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துச் சின்னவளிடம் சொன்னாள். அன்றோடு பேச்சு நின்றது.

மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்தது அந்தச் சலவைக்கூடம். மேலே ஆறு மாடிகளிலிருந்து வந்து குவியும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, பிழிந்து, இஸ்திரி போட்டு மறுபடி மேலே அனுப்ப வேண்டும். இஸ்திரி எந்திரம் என்பது ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்கும் மேலான, கொதிக்கிற உருளை. இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பை நுனி பிடித்து உள்ளே விட்டால், அந்தப் பக்கம் காய்ந்து சுருக்கமில்லாமல் வெளியே வரும். உருளைக்கு ஒரு சாண் முன்னால் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி உண்டு. கை தவறி உள்ளே போனால் முதலில் அந்தக் கம்பியில்தான் படும். பட்ட உடனே உருளை நின்றுவிட வேண்டும்.

அந்தக் கம்பிதான் கெட்டுப்போயிருந்தது. தொட்டால் நிற்கவில்லை. ஓங்கிக் குத்தினால் நின்றது, சில சமயம் அதற்கும் நிற்கவில்லை. இதை முதலில் கவனித்தவள் பெரியவள்.

அன்றைக்கே சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னாள். அவர் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சார், இஸ்திரி மெஷின்ல அந்தக் கம்பி வேலை செய்யல. கை பட்டா நிக்கணும், நிக்க மாட்டேங்குது."

அவர் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, "பாக்கலாம்" என்றார். யார் எதைச் சொன்னாலும் அவர் சொல்கிற பதில் அது ஒன்றுதான். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே பாக்கலாம் சார்.

நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவருடைய அறைக்கே போனாள். "வாயால சொன்னா எப்படி? எழுதிக் குடுங்க" என்றார். விரிப்புகளின் எண்ணிக்கை குறிக்கிற சீட்டின் பின்பக்கத்தில், அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தாள். அவர் வாங்கிப் பார்த்தார்.

"இப்படி இல்லம்மா. இதுக்குன்னு கம்ப்யூட்டர்ல ஒரு ஃபாரம் இருக்கு."

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது சார். நீங்களே போட்டு விட்டுடுங்க."

"பாக்கலாம்."

அடுத்த வாரம் மூன்றாவது முறை. இந்தத் தடவை அவரை வழிமறித்து எந்திரத்துக்கு முன்னாலேயே கூட்டிவந்து நிறுத்தினாள். எல்லோரும் பார்க்கக் கம்பியைக் கையால் தள்ளினாள். உருளை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"பாருங்க சார், நீங்களே பாருங்க."

அவர் கம்பியைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "இங்க பதினாலு பேர் வேலை செய்றாங்க. வேற யாரும் ஒண்ணும் சொல்லலையே. உங்க ஒருத்திக்கு மட்டும் எப்படி எல்லாமே கோளாறாத் தெரியுது?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. திரும்பி யாரென்று பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. எந்திரத்தை நிறுத்திவிட்டு உட்காரவும் முடியாது. நிறுத்திய கால் மணி நேரத்தில் மேல்மாடிகளிலிருந்து விரிப்பு எங்கே, விரிப்பு எங்கே என்று ஃபோன் வந்துவிடும். ஈரத் துணியை எடுத்து உதறி உள்ளே விட்டாள்.

அதிலிருந்து ஒன்பதாவது நாள் காலை பத்து மணிக்கு அது நடந்தது. ஒரு விரிப்பின் ஓரம் சுருண்டு உள்ளே போனது. சின்னவள் அதை நீவிவிடக் கையை நீட்டினாள். ஈரத் துணி அவள் விரல்களோடு சேர்ந்து உருளைக்குள் போனது. மணிக்கட்டு கம்பியில் இடித்தது, உருளை நிற்கவில்லை. பெரியவள் தன் முழு உடம்பையும் கம்பியின் மேல் போட்டு விழுந்தாள். அப்போதுதான் நின்றது.

வலது கையில் நான்கு விரல்கள் நடுக்கணு வரைக்கும் வெந்துபோயிருந்தன. அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் மூன்றாவது மாடிக்குப் போகும் வரை பெரியவள், "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான்கு மாதத்தில் அவள் சின்னவளிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

விசாரிக்க இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். சூப்பர்வைசரின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்கள். பெரியவளைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்.

"நீங்களும் அவங்களும் பேசிக்கிறது இல்லையாமே?"

"ஆமா சார். ஆனா..."

ஆமா என்பதை எழுதிக்கொண்டார்கள். ஆனா என்பதற்குப் பிறகு என்ன இருந்தது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

பத்து நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பெரியவள் கை துடைத்துக்கொண்டு வந்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். 'விபத்துக்குக் காரணம்: தொழிலாளர்களுக்கிடையே தகவல் பரிமாற்றக் குறைபாடு. தீர்வு: அனைவருக்கும் தகவல் பரிமாற்றத்தின் அடிப்படைகள் குறித்த ஒரு நாள் பயிற்சி.' கம்பியைப் பற்றி அந்தத் தாளில் ஒரு சொல் இல்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வீட்டுக்கு வந்து கணவனிடம் கொட்டித் தீர்த்தாள். அவன் சாப்பாட்டில் கை வைத்தபடி, "எல்லாம் சரி, நீ அவகிட்ட ஒரு வார்த்தை நேரா சொல்லியிருக்கலாம் இல்ல? பக்கத்துலதானே நின்னா?" என்றான். அவளுக்குக் கோபம் தணியவில்லை, ஆனால் அதற்குள் ஒரு முள் தைத்துவிட்டது. கீழ்வீட்டில் சின்னவள் இடது கையால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த முள் உறுத்தியது. உண்மையிலேயே நம்மால்தானோ?

பயிற்சி நாளன்று சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். யாரும் விடுபடக்கூடாது என்று உத்தரவு. மருத்துவ விடுப்பில் இருந்த சின்னவளையும் விடவில்லை. கைக்கட்டோடு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சூப்பர்வைசர் கடைசி வரிசையில் கால்மேல் கால் போட்டு இருந்தார். அவருக்கு இந்தப் பயிற்சி தேவை என்று யாரும் நினைக்கவில்லை, அவர் ஒழுங்கைக் கவனிக்க வந்திருந்தார்.

பயிற்சி தர வந்தவள் முப்பது வயதுப் பெண். தன்மையாகப் பேசினாள். திரையில் இரண்டு தலைகள், நடுவில் ஓர் அம்பு. சொல்பவர், செய்தி, கேட்பவர். பிறகு ஒரு விளையாட்டு வைத்தாள். முதல் ஆளின் காதில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி, அவர் அடுத்தவர் காதில் சொல்லி, இப்படியே கடைசி ஆள் வரைக்கும். 'நீல வாளியைக் கதவுக்குப் பின்னால் வை' என்று கிளம்பிய வாக்கியம், 'நீலா வாழைப்பழத்தைக் கடித்துவிட்டாள்' என்று வந்து சேர்ந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பாத்தீங்களா? நாம சொல்றது ஒண்ணு, போய்ச் சேர்றது ஒண்ணு. அதனால, கேட்டவருக்குப் புரிஞ்சுதான்னு உறுதி பண்ண வேண்டியது சொல்றவரோட பொறுப்பு" என்றாள் அந்தப் பெண்.

பெரியவள் எழுந்து நின்றாள். கூட்டத்தில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்குறவருக்குப் பொறுப்பு ஒண்ணும் இல்லையா மேடம்?"

"இருக்கும்மா. அடுத்து அதுக்குத்தான் வர்றேன்."

"நீங்க பதினாலு பேர் காது வழியா ஒரு சேதியை அனுப்புனீங்க, அது கெட்டுப்போச்சு. சரி. எங்க விஷயத்துல நடுவுல யாருமே கிடையாது. நான் சொன்னேன், அவர் கேட்டார். ரெண்டே பேர். கம்பி வேலை செய்யலன்னு மூணு தடவை சொன்னேன். ஒருக்கா வாயால சொன்னேன், ஒருக்கா எழுதிக் குடுத்தேன், ஒருக்கா கையால தொட்டே காட்டினேன். இதுக்கு மேல எப்படிச் சொல்லணும்னு எனக்குச் சொல்லிக் குடுங்க. அதுக்குத்தானே வந்திருக்கீங்க?"

பயிற்சிப்பெண் கையிலிருந்த ரிமோட்டை மேசைமேல் வைத்தாள்.

"என்கிட்ட யாரும் இதைச் சொல்லலையே" என்றாள்.

சூப்பர்வைசர் எழுந்தார். "இப்ப எதுக்கு அதெல்லாம்? கிளாஸ் முடியட்டும், பாக்கலாம்" என்றார். அங்கங்கே அடக்கிய சிரிப்புச் சத்தம் வந்தது. அவருக்குக் காது சிவந்தது. "அதுவும் இல்லாம, அந்த மாதிரி யாரும் என்கிட்ட சொன்னதா எனக்கு ஞாபகமே இல்ல."

மழுப்புவார், தட்டிக்கழிப்பார் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். நடக்கவே இல்லை என்பார் என்று எதிர்பார்க்கவில்லை.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து சின்னவள் எழுந்தாள்.

"எனக்கு ஞாபகம் இருக்கு சார்" என்றாள். "முதல் தடவை நீங்க ஃபோன்ல உங்க வீட்டுக்கு என்ன கலர் பெயிண்ட் அடிக்கிறதுன்னு பேசிக்கிட்டு இருந்தீங்க. நான் வண்டிக்கு அந்தப் பக்கம் துணி அள்ளிக்கிட்டு இருந்தேன். ரெண்டாவது தடவை எழுதிக் குடுத்தாங்களே சீட்டு, அது மேல டீ டம்ளரை வச்சிருந்தீங்க. சாவி வாங்க வந்தப்ப பாத்தேன், எழுத்தெல்லாம் ஊறிப்போய்க் கிடந்துச்சு. மூணாவது தடவை எல்லாரும் பாத்தாங்க."

கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு சிரிச்சது நான்தான். எங்களுக்குள்ள சண்டை, அதனால சிரிச்சேன். அவங்க சொன்னது பொய்யின்னு சிரிக்கல. அந்தக் கம்பி வேலை செய்யலன்னு எனக்கும் தெரியும், இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். நாங்க பேசிக்காததால என் கை வேகல சார். நீங்க கேக்காததால வெந்துச்சு."

மடிப்பு மேசையில் வேலை செய்கிற அம்மாள் ஒருத்தி, "நானும் பாத்தேன்" என்றாள். பின்னால் இருந்து இன்னொருவர். பிறகு யார் யார் சொன்னார்கள் என்று எண்ண முடியவில்லை.

சாயங்காலம் வருகைப் பதிவில் கையெழுத்து கேட்டு ஒரு தாள் வந்தது. 'பயிற்சியால் குறைபாடு நீங்கியது' என்று அதன் தலையில் அச்சடித்திருந்தது. பெரியவள் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். "பலகையில இருக்கிறதை மாத்தி எழுதட்டும். அப்புறம் போடுறேன்." சின்னவளும் போடவில்லை. பதினான்கு பேரில் ஒருவரும் போடவில்லை. பயிற்சிப்பெண் அந்தக் காலித் தாளை வாங்கி, அதன் கீழே அன்று கேட்டதைத் தானே நான்கு வரி எழுதிப் பையில் வைத்துக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். வெகுநேரம் பஸ் வரவில்லை.

"உன்கிட்ட நான் நேரா சொல்லியிருக்கணும்" என்றாள் பெரியவள்.

"சொல்லியிருந்தா மட்டும் என்ன, நான் வேலை செய்யாம உக்காந்திருப்பேனாக்கா?" என்ற சின்னவள், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பாப்பாவைப் பத்தி நாத்தனார்கிட்ட சொன்னது வேற. அந்தக் கோவம் அப்படியேதான் இருக்கு."

"இருக்கட்டும். நான் சொன்னது என்னன்னு நாளைக்கு வந்து உன்கிட்டயே சொல்றேன். அதுக்கப்புறம் கோவப்படு."

மறுநாள் சொன்னாள். சின்னவள் அதற்கும் கொஞ்சம் கோபப்பட்டாள், ஆனால் நாத்தனார் சொன்ன அளவுக்கு இல்லை.

பலகையில் தாள் மாறுவதற்கு ஐந்து வாரம் ஆனது. 'பாதுகாப்புக் கம்பி பழுதடைந்தது குறித்து மூன்று முறை தெரிவிக்கப்பட்டும் நடவடிக்கை எடுக்கப்படவில்லை' என்று புதிய தாளில் இருந்தது. யாரிடம் தெரிவிக்கப்பட்டது என்று இல்லை. சூப்பர்வைசரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு இதைவிடப் பெரிய அறை என்று கேள்வி. சின்னவளின் நடுவிரலும் மோதிரவிரலும் இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை. அவளுக்குத் துண்டுகளை எண்ணி அடுக்குகிற வேலை கொடுத்திருக்கிறார்கள்.

"அதான் எழுதியாச்சே, இன்னும் என்ன உனக்கு?" என்று கூட வேலை செய்கிறவர்கள் பெரியவளைக் கேட்பார்கள்.

"விபத்துக்கப்புறம் கம்பியைச் சரி பண்ண மெக்கானிக் வந்தாரே, எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? இருபது நிமிஷம். அதுல பாதி, ஸ்பேனர் தேடினது" என்பாள். இதைச் சொல்லும்போது இப்போதும் அவளுக்குக் குரல் உயர்ந்துவிடும்.