தலைகீழாக நின்றாலும்

செயின்ட் லூயிஸில் ஆற்றங்கரையை ஒட்டி ஒரு பியர்க் கடை இருக்கிறது. அங்கே போய் "ஒரு கோவாச் குடு" என்று கேட்டால், கடைக்காரன் பிளாஸ்டிக் குவளையை நிரப்புவான், நமக்கு முதுகைக் காட்டிக் குனிவான், கால்களுக்கு நடுவே குவளையைப் பின்னால் வீசுவான். பிடித்தால் குடிக்கலாம். யாரும் பிடித்ததில்லை. சட்டை நனைந்து நிற்பவனைப் பார்த்துக் கடையே விழுந்து விழுந்து சிரிக்கும்.

கோவாச் என்பது ஒரு மனிதனின் பெயர். ரூஃபஸ் கோவாச். முப்பத்து நான்கு வயது, நூற்று நாற்பது கிலோ, எட்டு வருடம் அந்த ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான லான்சர்ஸின் சென்டர். பந்தின் மேல் குனிந்து, கால்களுக்கு இடையே அதைப் பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கின் கைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிய அதே நொடியில் எதிரே வரும் மலை மாதிரி ஆளை முட்டித் தள்ள வேண்டும். அதுதான் சென்டரின் வேலை. எட்டு வருடத்தில், பயிற்சியையும் சேர்த்தால், லட்சம் தடவை அனுப்பியிருப்பான். ஊர் ஞாபகம் வைத்திருப்பது ஒன்றே ஒன்றைத்தான்.

போன பிப்ரவரி, சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டம். பதினொரு நொடி பாக்கி, கோட்டைத் தாண்ட இரண்டே கஜம். அணி வட்டமாகக் கூடியபோது குவார்ட்டர்பேக் டானர் லாக்ரிட்ஜ், "ரெண்டாவது ஹட்டுல" என்றான். அவன் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஹட், ஹட் என்று கத்துவான். எந்த ஹட்டில் பந்து வரும் என்பது அவன் ஆட்கள் பதினொரு பேருக்கு மட்டும்தான் தெரியும். எதிரி முந்திப் பாய்ந்தால் அபராதம். கோவாச் இரண்டாவது ஹட்டில் அனுப்பினான். லாக்ரிட்ஜோ தான் சொன்னதையே மறந்துவிட்டு, பக்கத்தில் நின்றவனுக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தான். பந்து அவன் காதோரமாகப் பறந்து போனது. பட்டமும் கூடவே போனது.

மைக்கைப் பார்த்ததும் லாக்ரிட்ஜ் சொன்னது ஒரே வரி. "பந்து வர வேண்டிய நேரத்துக்கு வரல."

பாவி! உடை மாற்றும் அறைக்கு வந்து கோவாச்சின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "மச்சான், ரெண்டு நாள் பொறு. சூடு ஆறட்டும். என் தப்புதான்னு நானே சொல்லிடறேன்" என்றான். அணிக்குள் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். கோவாச் பொறுத்தான். வட்டத்தில் நின்ற மற்ற ஒன்பது பேருக்கும் "ரெண்டாவது" என்பது தெளிவாகக் கேட்டிருந்தது. ஒன்பது பேரும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தார்கள். மார்ச்சில் அணி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நாற்பது விநாடி பேசிவிட்டு அவனைக் கழற்றிவிட்டார்கள். அதற்குள் கோவாச் என்பது அந்த ஊரில் வினைச்சொல்லாகிவிட்டது. தட்டைக் கீழே போட்டால், "ஏண்டா கோவாச் பண்ற?" என்பார்கள். அவன் மனைவி கரின் காய்கறிக் கடையில் நிற்கும்போதே ஒருத்தி தன் மகனிடம், "முட்டைய கோவாச் பண்ணிடாத" என்று சொன்னாள். கரின் அந்த முட்டை அட்டையைப் பிடுங்கித் தரையில் போட்டுவிட்டு, "இப்ப நான் பண்ணிட்டேன், போதுமா?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

டோலிடோ ஊரின் ஹெரன்ஸ் அணி அவனைச் சேர்த்துக்கொண்டது. வேறு யாரும் சேர்க்கவில்லை என்பதுதான் உண்மை. அந்த அணி கடைசி இடம்தான் என்று பத்திரிகைகள் எல்லாம் எழுதி வைத்திருந்தன. லான்சர்ஸுக்குத்தான் பட்டம் என்றும் எழுதி வைத்திருந்தன. செப்டம்பர் பிறந்தது. மூன்று ஆட்டம் முடிந்தபோது டோலிடோவுக்கு மூன்று வெற்றி. லான்சர்ஸுக்கு ஒரு வெற்றி, இரண்டு மூக்குடைப்பு. நாலாவது வாரம் இரண்டும் செயின்ட் லூயிஸில் மோத வேண்டும்.

கோவாச்சுக்குப் பட்டமும் வேண்டாம், பாராட்டும் வேண்டாம். அந்த வாய், அதே வாய், அதே மைக்கில் உண்மையைச் சொல்ல வேண்டும். காலையில் பல் தேய்க்கும்போதும் அதுதான் நினைப்பு.

அந்தத் திங்கட்கிழமை தடுப்பு வரிசையின் பயிற்சியாளர் லெமுவேல் பாக்ஸ் அவனைத் தன் அறைக்குக் கூட்டிப் போய், லாக்ரிட்ஜின் ஆட்டப் படத்தைத் திரையில் ஓடவிட்டார்.

"சங்கேத வார்த்தையெல்லாம் மாத்திருப்பாங்க, கோச். நான் இங்க இருக்கேன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"வார்த்தை எவனுக்குய்யா வேணும்? எந்த ஹட்டு நிஜம்னு அவன் உடம்பு எங்கயாவது காட்டிக்குடுக்கும். எட்டு வருஷம் அவன்கூட குப்பை கொட்டிருக்க. சொல்லு."

கோவாச் பார்த்தான். முகத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான், தோளைப் பார்த்தான். ஒன்றும் புலப்படவில்லை. லாக்ரிட்ஜோடு ஆடிய காலத்தில், நிஜமான ஹட் வருவதற்கு ஒரு நொடி முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூன்று மணி நேரம் பார்த்துக் கண் எரிந்ததுதான் மிச்சம்.

"கல்யாணம் பண்ணி எட்டு வருஷம், பொண்டாட்டி கண்ணு என்ன நிறம்னு கேட்டா முழிக்கிற கதையா இருக்கு" என்று பாக்ஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் விடுமுறை. வீட்டிலும் அதே படத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ஆத்திரத்தில் ரிமோட்டை வீசினான். அது சோபாவுக்கு அடியில் போய்விட்டது. எடுக்கலாம் என்று எழுந்து டிவிக்கு முதுகைக் காட்டிக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. கால்களுக்கு நடுவே, தலைகீழாக, லாக்ரிட்ஜ் நின்றுகொண்டிருந்தான்.

கரின் உள்ளே வந்தாள். "என்னய்யா, இடுப்பு புடிச்சிக்கிச்சா?"

"இப்ப" என்றான் கோவாச். திரையில் பந்து பறந்தது.

"என்ன இப்ப?"

"இப்ப!" மறுபடியும் பறந்தது. "இப்ப! கரின், இப்ப! அட, என் புத்திய செருப்பால அடிக்க! எட்டு வருஷமா இவன நான் நேராப் பாத்ததே இல்லடி!"

அதுதான் விஷயம். சென்டர் தன் குவார்ட்டர்பேக்கைப் பார்ப்பதெல்லாம் குனிந்தபடி, கால்களுக்கு இடையே, தலைகீழாகத்தான். அப்படிப் பார்க்கும்போது முகம் கீழே எங்கோ போய்விடும். பாதம்தான் மேலே, கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். பொய் ஹட்டுகள் எல்லாவற்றுக்கும் லாக்ரிட்ஜின் இடது குதிகால் தரையில் படாமல் மிதந்துகொண்டிருந்தது. நிஜ ஹட்டுக்கு முன்னால் மட்டும் அது மெல்லத் தரையில் அமர்ந்தது. நேராகப் பார்ப்பவன் எவனும் காலைப் பார்ப்பதில்லை.

புதன்கிழமை பாக்ஸின் அறையில், ஆளுக்கு நூற்றைம்பது கிலோ இருக்கும் தடுப்பாட்டக்காரர்கள் நான்கு பேர் திரைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார்கள். அவர்களில் பெரியவன் ஃபெலெட்டி, டோங்காத் தீவுக் குடும்பத்துப் பிள்ளை. "அண்ணே, எங்கம்மா இதப் பாத்தாங்கன்னா என்னைச் சர்ச்சுக்குள்ள விடமாட்டாங்க" என்றான். பிறகு அவனே, "அட! குதிகாலு!" என்று கத்தினான். ஒரு தடவை தெரிந்துவிட்ட பிறகு அவர்கள் குனிய வேண்டியிருக்கவில்லை.

ஞாயிறு மதியம் அரங்கம் நிரம்பி வழிந்தது. கோவாச் மைதானத்துக்குள் வந்ததும் எழுபதாயிரம் பேர் ஊளையிட்டார்கள். ஒரு வரிசை முழுக்கக் குவளைகளைக் கால்களுக்கு இடையே பின்னால் வீசிக் காட்டியது. கோவாச் அவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். வீசுங்கடா, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று நினைத்துக்கொண்டான்.

லான்சர்ஸ் கையில் பந்து வந்த முதல் வாய்ப்பிலேயே ஃபெலெட்டி லாக்ரிட்ஜைச் சாய்த்தான். பந்து அவன் கைக்குள் முழுசாக அமரவில்லை, அதற்குள் மார்பில் ஒரு தோள் இருந்தது. இரண்டாவது தடவை பல் காப்பு தெறித்தது. மூன்றாவது தடவை, ஹட், ஹட், ஹட், ஹட் என்று ஏமாற்றிப் பார்த்தான். நான்கு பேரும் சாமி சிலை மாதிரி அசையாமல் இருந்து, ஐந்தாவதுக்குப் பாய்ந்தார்கள். இடைவேளையில் லான்சர்ஸ்காரர்கள் ஹட் சொல்லும் தாளத்தை மாற்றினார்கள். பயன் இல்லை. மொத்தம் ஒன்பது தடவை விழுந்தான். விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் லாக்ரிட்ஜ் எதிர்ப்பக்கத்துப் பெஞ்சைப் பார்த்தான். பந்து எதிரி கையில் இருக்கும்வரை சென்டருக்கு வேலை இல்லை; அங்கே கோவாச் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். சாதாரணத் தண்ணீர்தான், அன்றைக்கு அது அவனுக்குத் தேனாக இனித்தது. அவன் ஒன்றும் மகான் இல்லை.

கடைசி நிமிடம், டோலிடோ நான்கு புள்ளி முன்னால். லாக்ரிட்ஜுக்கு ஒரே ஒரு வாய்ப்பு மிச்சம். பந்து அவன் கைக்கு வந்த கையோடு ஃபெலெட்டியும் வந்து சேர்ந்தான். ஆட்டம் முடிந்தது. எழுந்த லாக்ரிட்ஜ் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் அடித்துவிட்டு, தன் அணியின் புது சென்டரை எழுபதாயிரம் பேர் முன்னால் பிடித்துக்கொண்டான். "வர வேண்டிய நேரத்துக்குப் பந்து குடுக்கத் தெரியாதா உனக்கு?"

அதே வாக்கியம். கோவாச்சுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அவ்வளவு நேரம் இனித்ததெல்லாம் போய்விட்டது.

ஆட்டம் முடிந்ததும் இரு பக்கத்தாரும் நடு மைதானத்தில் கைகுலுக்குவார்கள். லாக்ரிட்ஜ் கேமராக்களுக்காகச் சிரித்துக்கொண்டே வந்து கோவாச்சைக் கட்டிப்பிடித்து, காதில் கேட்டான். "எப்படிடா கண்டுபுடிச்சீங்க?"

"சொல்றேன். முதல்ல நீ சொல்லு. பிப்ரவரில என்ன நடந்துதுன்னு. மைக்ல."

"அந்தப் பழைய கதைய இன்னும் விடலியா நீ?"

"அடுத்த வாரம் உனக்கு மெம்ஃபிஸ்கூட ஆட்டம். அவங்க என்னைக் கூப்பிடுவாங்க. கூப்பிடாம இருப்பாங்களா? புதன்கிழமை வரைக்கும் போன எடுக்க மாட்டேன். நீ சொல்லிட்டா எடுக்கவே மாட்டேன், உனக்கும் சொல்லிடறேன். சத்தியம்."

"மிரட்டுறியா, மச்சான்?"

"மச்சான்னு கூப்பிடாத. இன்னொரு தடவ கூப்பிட்டா ஃபெலெட்டியக் கூப்பிடுவேன்."

புதன்கிழமைதோறும் குவார்ட்டர்பேக் பத்திரிகைக்காரர்கள் முன்னால் நின்றாக வேண்டும். லாக்ரிட்ஜ் நின்றான். கண்ணின் கீழே கறுத்திருந்தது. எழுதிக்கொண்டு வந்த காகிதத்தைப் பார்த்துப் படித்தான். பிப்ரவரியில் இரண்டாவது ஹட் என்று சொன்னது தான்தான், மறந்ததும் தான்தான், கோவாச் அனுப்பியது சரியான நேரத்தில்தான். "இத்தனை மாசம் ஏன் சொல்லல?" என்று ஒருத்தர் கேட்டார். அதற்குக் காகிதத்தில் பதில் இல்லை. மைக் முன்னால் வாயைத் திறந்தான், மூடினான். அந்தத் திறந்து மூடியதை ஊரே சாயங்காலம்வரை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தது.

கோவாச்சும் கரினும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தார்கள். கரின் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இன்னொரு தடவ போடு" என்றாள். மூன்றாவது தடவை ஓடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"சொல்லிட்டேன்" என்றான் லாக்ரிட்ஜ். "மானம் போச்சு. இப்ப உன் முறை."

"கேளு."

"மூணு நாளா வீடியோவப் போட்டுப் பாக்கறேன். கோச்சுங்களும் பாத்துட்டாங்க. தலைகீழா நின்னு பாத்துட்டேன், ஒரு மண்ணும் தெரியல."

கோவாச் கரினைப் பார்த்தான். கரின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இல்ல டானர். நீ நிக்கல."

"என்னது?"

"தலைகீழா நிக்கல. நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும். நின்னு பாரு."

லாக்ரிட்ஜ் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினான். "வாக்குக் குடுத்துட்டு நக்கலா பண்ற? ஊர் முன்னாடி என்னை நிக்கவெச்சிட்டு நக்கலா?"

"நக்கல் இல்ல. சத்தியமாச் சொல்றேன். தலைகீழா நின்னு பாரு."

லாக்ரிட்ஜ் இணைப்பைத் துண்டித்தான்.

"அவன் நம்பலியே" என்றாள் கரின்.

"நான் சொல்லிட்டேன்" என்றான் கோவாச். "வார்த்தை மாறாம சொல்லிட்டேன்."

மெம்ஃபிஸ்காரர்கள் அன்று இரண்டு தடவை கூப்பிட்டார்கள். அவன் எடுக்கவில்லை. சாயங்காலம் ஃபெலெட்டியை மட்டும் கூப்பிட்டான். லான்சர்ஸ் டிசம்பரில் டோலிடோவுக்கு வந்து இன்னொரு தடவை ஆட வேண்டும்.

"டிசம்பருக்கு என்னண்ணே பண்றது?" என்றான் ஃபெலெட்டி. "இந்நேரம் அவன் கண்டுபுடிச்சிருப்பானே?"

"மாட்டான்" என்றான் கோவாச். "அதே குதிகாலுதான்."