முட்டை அடிக்கும் சத்தம்

கண்ணாடிக் கடைக்காரர்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் சின்னவளுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. புது வீடு, புது மெத்தை, பக்கத்தில் இன்னும் சரியாகப் பழகாத ஒரு மனிதனின் குறட்டை. ஒருநாள் இருட்டுப் பிரியும் முன்பே எழுந்து, தண்ணீர் குடிக்கலாம் என்று பூனை மாதிரிச் சமையலறைக்குப் போனாள். அங்கே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கணவனின் அண்ணன் மனைவி, வீட்டில் எல்லோரும் பெரியவள் என்று சொல்லும் அவளுடைய ஓரகத்தி, அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, மடியில் தட்டை வைத்துத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள்போல இருவரும் ஒரு கணம் விழித்தார்கள். பிறகு பெரியவள் காலாலேயே இன்னொரு முக்காலியை இழுத்துப்போட்டாள். தன் தட்டில் இருந்த ரொட்டியைப் பிய்த்துப் பாதியை நீட்டினாள்.

"உக்காரு. சூடு ஆறிடும்."

பாலும் மிளகும் சேர்த்து அடித்த முட்டையில் ரொட்டியை முக்கி, பொடிப்பொடியாக நறுக்கிய வெங்காயத்தை மேலே தூவி, வெண்ணெயில் இரண்டு பக்கமும் சிவக்க விட்டிருந்தாள். ஓரம் மொறுமொறுவென்றும் நடு பஞ்சாகவும் இருந்தது. கூடவே பாலும் சர்க்கரையும் சேர்க்காத தேநீர். சின்னவள் அந்த வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். அதற்கு முன் சாப்பிட்டதெல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கச் சாப்பிட்டது.

மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாள் முட்டைக் கோப்பைக்குப் பக்கத்தில் இரண்டு தட்டுகள் எடுத்து வைக்கப்பட்டிருந்தன.

பகலில் பெரியவள் வேறு ஆள். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும், கடையில் கண்ணாடி வெட்டுகிற ஆட்களுக்கும் சேர்த்துப் பொங்கிப்போடுகிறவள். குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். பால்காரன் அவளைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். "எங்க வீட்டுக்குத் தனியா நாய் வேணாம்" என்று அவள் கணவரே கேலி பேசுவார். ஆனால் விடியலுக்கு முந்திய அந்த நேரத்தில் அவள் கரண்டியைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பாள். பேசினாலும் அடிக்குரலில் ஒன்றிரண்டு வார்த்தைதான். ஜன்னல் மெல்ல வெளுக்கும். முதல் பேருந்து போகும் சத்தம் கேட்டதும் எழுந்து சேலையை உதறிக்கொள்வாள். அதோடு பகல் தொடங்கிவிடும்.

சின்னவளுக்கு மகள் பிறந்தபோதும் அந்த நேரம் மாறவில்லை. குழந்தை பெரியவள் மடியில் கிடக்கும். சின்னவள் இரண்டு கையாலும் நிம்மதியாகச் சாப்பிடுவாள். பிள்ளையில்லாத பெரியவளுக்கு அந்தக் குழந்தை மேல் உயிர். நடந்து பேசத் தொடங்கிய பிறகும் அது பெரியவளின் மடியை விடவில்லை.

இந்த வீடு உடைந்தது ஒரு கண்ணாடியால்தான். உணவு விடுதி ஒன்றின் மாடிப்படிச் சுவருக்கு ஆள் உயரத்துக்கும் மேலான கண்ணாடி கேட்டிருந்தார்கள். அண்ணன் மேலேயும் தம்பி கீழேயுமாகப் பிடித்துப் படியேற்றினார்கள். திருப்பத்தில் பிடி நழுவியது. கண்ணாடி தம்பியின் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தது. மேலேயிருந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "கண்ணாடி தப்பிச்சுதா?"

ரத்தம் அவருக்குத் தெரியவில்லை. வெளிச்சமில்லாத படிக்கட்டு. தெரிந்ததும் பதறி ஓடிவந்து, தன் சட்டையைக் கிழித்துக் கட்டுப்போட்டு, தம்பியைத் தோளில் தாங்கி மருத்துவரிடம் கூட்டிப்போனதும் அவர்தான். ஆனால் தம்பியின் காதில் அந்தக் கேள்வி மட்டும் தங்கிவிட்டது. தையல் பிரித்த பிறகும் இரண்டு விரல் சரியாக மடங்கவில்லை. சாப்பாட்டில் கைவைக்கும்போதெல்லாம் அது அவனுக்கு நினைவு வந்தது. ஒருநாள் வாய்விட்டுச் சொன்னான். அண்ணன் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வேலை தெரிந்தவனுக்குப் பிடி நழுவாது என்றார். பேச்சு தடித்தது. வெளியே தெரியக்கூடாது என்று வருஷக்கணக்காக மூடி வைத்ததெல்லாம் அன்றைக்கு நடுக்கூடத்துக்கு வந்தது.

அடுத்த மாதமே கடை இரண்டானது. வீட்டுக்கு நடுவே செங்கல் அடுக்கினார்கள். சமையலறை பெரிது என்பதால் சுவர் அதன் நடுவில்தான் போனது. தம்பி பக்கத்துக்குத் தெருவாசல், அண்ணன் பக்கத்துக்குச் சந்தில் ஒரு புதுவாசல். கொத்தனார் சாந்து பூசும்போது ஓரகத்திகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தப் பக்கம் பேச்சு வைத்துக்கொண்டால் இந்தப் பக்கம் இருக்க வேண்டாம் என்று இரண்டு ஆண்களுமே சொல்லிவைத்திருந்தார்கள். சொல்லிவைத்தாற்போல ஒரே வார்த்தைகளில்.

சுவர் எழுந்த மறுநாள் விடியலில் சின்னவள் பழக்கத்தில் எழுந்துவிட்டாள். அடுப்பைப் பற்றவைக்கக்கூட மனம் வராமல் பாதிச் சமையலறையில் நின்றாள். ஈரச் சாந்தின் வாசனை. அப்போது அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது, எனாமல் கோப்பைக்குள் முள்கரண்டி சுழலும் சத்தம். டக்கடக்கடக். நின்றது. மறுபடியும் டக்கடக்கடக். ஒரு ஆளுக்கு அவ்வளவு நேரம் அடிக்க வேண்டியதில்லை.

சின்னவள் ஒரு முட்டையை உடைத்துக் கிண்ணத்தில் ஊற்றி, தானும் அடிக்கத் தொடங்கினாள். அந்தப் பக்கம் சத்தம் நின்றது. கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் பலமாக அடித்தாள்.

அன்றிலிருந்து அப்படித்தான். இங்கே வாணலி சுருக்கென்றால் சற்று நேரத்தில் அங்கேயும் சுருக்கென்னும். முக்காலி இழுபடும். இருவரும் சுவரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒரே நேரத்தில் சாப்பிட்டு எழுந்தார்கள். சுவரைத் தட்டியதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கணவனுக்குக் கொடுத்த வாக்கை மீறியதாகவும் ஆகவில்லை.

அந்தக் காலம் முழுவதிலும் அவர்கள் பேசிக்கொண்டது ஒரே ஒரு தடவை. காய்கறிச் சந்தையில் வெங்காயக் குவியலுக்கு எதிரெதிரே வந்துவிட்டார்கள். பெரியவள் இளைத்திருந்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, வெங்காயத்தைப் பொறுக்குகிற சாக்கில் குனிந்து சொன்னாள்.

"ரொம்ப வேகமா நறுக்குற. சத்தம் கேக்குது. கைய வெட்டிக்காத."

சின்னவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பெரியவள் பையை எடுத்துக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட்டாள். பக்கத்தில் யாரோ தெரிந்தவர்கள் வந்திருக்க வேண்டும்.

மழைக்காலம் முடிகிற சமயம் அது நடந்தது. அன்றும் முதலில் முட்டை அடிக்கும் சத்தம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. நடுவிலே நின்றது. கோப்பை தரையில் விழுந்து உருண்டது. சின்னவள் காத்திருந்தாள். எடுப்பாள், துடைப்பாள், எதையாவது முணுமுணுப்பாள் என்று பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"அக்கா" என்றாள் சுவரைப் பார்த்து. பிறகு உரக்க, "அக்கா."

அடுப்பை அணைக்காமல் ஓடினாள். தெருவாசலைத் திறந்து, வெறுங்காலோடு சந்து வழியாகச் சுற்றிப் போய் அந்த வீட்டுக் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். கணவனின் அண்ணனான மச்சாண்டார் தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்து, அவளைக் கண்டதும் முகத்தை இறுக்கிக்கொண்டு வழியை மறைத்து நின்றார்.

"தள்ளுங்க மாமா. அக்கா விழுந்துட்டாங்க."

சமையலறைத் தரையில் பெரியவள் பக்கவாட்டில் கிடந்தாள். கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. முட்டை கொட்டி சேலையெல்லாம் நனைந்திருந்தது. சின்னவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டபோது, பெரியவளின் இடதுகை அவள் புடவையைப் பற்றிக்கொண்டது. மருத்துவமனைக்குப் போகும்வரை அந்தப் பிடியை விடவில்லை.

அங்கே சில நாட்கள் இருந்தாள். பேச்சு வரவில்லை. சின்னவள் தினமும் விடியலில் பாலில் ஊறவைத்த ரொட்டியை டப்பாவில் போட்டுக்கொண்டு போவாள். விழுங்கக்கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும் என்று செவிலி தடுப்பாள். டப்பாவைத் திறந்து பெரியவளிடம் காட்டிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தானே சாப்பிடுவாள். பெரியவள் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் சின்னவளின் கையில் ரொட்டி அப்படியே நின்றது. பெரியவள் இடதுகையைத் தூக்கி, சாப்பிடு என்பதுபோல அவள் மணிக்கட்டைத் தள்ளினாள்.

வெளியே நடையில் அண்ணன் ஒரு மூலையிலும் தம்பி ஒரு மூலையிலுமாக நின்றார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தம்பி போய் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றான். அண்ணன் அவன் கையைத் திருப்பி, மடங்காத விரல்களைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதைச் சின்னவள் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். பெரியவள் பார்க்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று மதியம், சாப்பாட்டு வண்டியும் பார்வையாளர் கூட்டமுமாக வார்டே இரைந்துகொண்டிருந்த நேரத்தில், அவள் போய்ச் சேர்ந்தாள்.

காரியமெல்லாம் முடிந்ததும் அண்ணனும் தம்பியும் சேர்ந்து சுவரை இடித்தார்கள். ஆள் வைக்காமல் தாங்களே சுத்தியல் எடுத்தார்கள். காலையில் தொடங்கி மாலைக்குள் செங்கல் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. உறவுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, போனவள் சேர்த்துவைத்துவிட்டுப் போனாள் என்று நெகிழ்ந்து பேசினார்கள். எல்லோரும் போன பிறகு சின்னவள் கணவனிடம் மட்டும் கேட்டாள்.

"ஒரு பகல் வேலதானே இது? அவங்க இருக்கும்போது உங்க ரெண்டு பேருக்கும் ஒரு பகல் கிடைக்கலியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மறுநாள் விடியலில் அவளுக்கு முன்னால் எழுந்து, முட்டையைத் தாறுமாறாக அடித்து, ரொட்டியைக் கருக்கி ஒரு தட்டில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் அதை வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து, "நீங்க போய்ப் படுங்க. இனிமே எழுந்திரிக்க வேணாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் வேறொருவர் பக்கத்தில் இருப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

சில வாரம் கழித்து ஒரு விடியலில், அவள் தனியாக உட்கார்ந்திருக்கும்போது மச்சாண்டார் சமையலறை வாசற்படியில் வந்து நின்றார். சவரம் செய்யாத முகம். உள்ளே வரலாமா என்று தயங்குகிறவர்போல நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். போகச் சொல்லத்தான் அவளுக்குத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். சர்க்கரை டப்பாவை எடுத்தவளிடம் வேண்டாம் என்று கை காட்டினார். தேநீரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"தினமும் ரெண்டு பேரும் இங்க உக்காந்து என்னம்மா பேசுவீங்க?" என்றார். "இத்தன வருஷம் கூட வாழ்ந்தேன். அவ எழுந்து போறது தெரியும். ஒருநாளும் கேட்டதில்ல."

சின்னவள் யோசித்துப் பார்த்தாள். சொல்லும்படி ஒன்றும் அகப்படவில்லை. உப்பு சரியா, குழந்தைக்குச் சளி விட்டதா, வெளியே மழையா, அவ்வளவுதான்.

"ஒண்ணும் பேச மாட்டோம் மாமா. சும்மா சாப்பிடுவோம்."

அவர் தலையாட்டினார். நம்பினாரா, தன்னிடம் சொல்லாமல் மறைக்கிறாள் என்று நினைத்தாரா தெரியவில்லை. தேநீரை ஒரு மடக்குக் குடித்தார். முகம் சுளித்தது. சர்க்கரையில்லாமல் குடித்துப் பழக்கமில்லாதவர்.

"அவளுக்கு இனிப்பு புடிக்காதாமே. உன் மக சொல்லுது" என்றார். "எனக்குப் போடுற மாதிரியே தனக்கும் போட்டுக் குடிப்பா. நான் புடிக்கும்னுதான் நெனச்சேன்."

அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. கீழேயே, வெறும் தரையில், சுவர் இருந்த தடத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். சின்னவள் இன்னொரு முட்டையை உடைத்துப் பாலும் மிளகும் சேர்த்து அடித்தாள். அவர் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் ரொட்டியை வாணலியில் போட்டு, சிவக்கும்வரை காத்திருந்து, தட்டில் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க மாமா" என்றாள்.