எழுதிக் கொடுத்தால்தான் நகரும்

எங்கள் மலைப்பாதைக் குட்டி ரயிலை ஓட்டுவது என் தம்பி. அதற்குக் கார்டு என் கணவர். நான்கு மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில், "மாமாவுக்கு என்ன, கொடி ஆட்டுற வேலைதானே" என்று தம்பி வாயை விட்டான். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்தான். நடுவில் மூன்று பெட்டிகள் இருந்ததால் குடும்பம் பிழைத்தது.

மூன்று மணிக்கு மலை மேலே ஒரு பள்ளியில் எனக்கு நேர்காணல். விடுதிக் காப்பாளர் வேலை. பதினோரு வருஷமாக விண்ணப்பம் போட்டு, இப்போதுதான் முதன்முதலாகக் கூப்பிட்டிருந்தார்கள். அடைமழையில் சாலை அடித்துக்கொண்டு போய்விட்டது. இந்த ரயிலை விட்டால் வேறு கதியில்லை.

பாதி ஏற்றத்தில் சக்கரம் வழுக்கியது. தம்பி தண்டவாளத்தில் மணல் போட்டுப் பார்த்தான். ம்ஹூம். இனி வழி ஒன்றுதான். முன்னிரண்டு பெட்டிகளை மேலே விட்டுவிட்டு, திரும்பி வந்து கடைசிப் பெட்டியை இழுக்க வேண்டும். அதற்குக் கார்டு எழுத்தில் அனுமதி தர வேண்டும்; வாயால் சொன்னால் செல்லாது. நல்ல விதிதான். இந்த இரண்டு பேர் கையில் போய் மாட்டிக்கொண்டது.

கணவர் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து எழுதினார். கொட்டும் மழையில் கொண்டுபோனது யார்? நான்தான்.

"நேரம் போடலையே, அக்கா."

திரும்பி நடந்தேன். நேரம் போட்டார்.

"எந்தப் பெட்டின்னு எழுதலையே."

"அவனுக்குத் தெரியாதாமா?" என்றார் கணவர்.

"தெரியுமாம். எழுதலையாம்."

ஜன்னலோரம் இருந்த ஒருவர், "தபால் பட்டுவாடா ரொம்ப ஜோர்மா!" என்றார். மூன்றாவது தடவை, சான்றிதழ் பையை நனையாமல் அணைத்துக்கொண்டதில் சீட்டு நனைந்து மை கரைந்துவிட்டது. மணி ஒன்று ஐம்பது. எனக்கு அழுகை வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது.

"கை பிரேக்கை இறுக்குங்க. சக்கரத்துக்குக் கல்லை வைங்க. கிளம்புங்க!"

அவரை எஞ்சின்வரை இழுத்துக்கொண்டு போனேன். தம்பியைக் கீழே இறக்கி, மழைக்கோட்டைக் கழற்றச் சொல்லி, இருவர் தலைக்கும் என் குடையைப் பிடித்தேன். அங்கே நனையாமல் இருந்தது அவன் முதுகு ஒன்றுதான்.

"குனிடா. நீங்க எழுதுங்க."

பேனா ஊன்றியது.

"அழுத்தாதீங்க மாமா, குத்துது."

"ஆடாம நில்லுடா. மணி என்ன?"

"ரெண்டு, மாமா."

நான்கு மாதத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு. சந்தோஷப்பட எனக்கு நேரமில்லை. முன்பெட்டியில் ஏறிக்கொண்டேன்.

மூன்றுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது, சொட்டச் சொட்ட நேர்காணல் அறைக்குள் நுழைந்தேன். தலைமையாசிரியை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடம் பிடிக்கிற பிள்ளைங்களைச் சமாளிச்ச அனுபவம் இருக்கா?"

"இருக்குங்க. இப்பக்கூட ரெண்டு பேரைச் சமாளிச்சுட்டுத்தான் வர்றேன்."

"என்ன வயசு?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஒருத்தருக்கு நாற்பத்தாறு. இன்னொருத்தனுக்கு நாற்பது."

அந்த அம்மாள் சிரிக்கவே இல்லை. பேனாவை எடுத்தார்.

"எங்க பிள்ளைங்க அவ்வளவு மோசமில்லை. திங்கட்கிழமை வந்து சேர்ந்துடுங்க."