கடைசிக்கு வைத்த தெரு

இருபத்து மூன்று ஓட்டு வித்தியாசம். மைக்கில் அந்த எண்ணைச் சொன்னதும் பானுமதி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓட்டு எண்ணிய கல்லூரிக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தோம். என் இன்னொரு கையில் செல்போன். அதில் அவளுடைய லைவ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரையின் ஓரத்தில் சிவப்பு இதயங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, மேலே போய், காணாமல் போயின. பன்னிரண்டாயிரம் பேர் பார்க்கிறார்களாம். "மஸ்கட்லேர்ந்து பாக்குறோம்க்கா, நீங்கதான் கவுன்சிலர்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அட மகராசா, தோத்தாச்சு என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்? லைவை அணைத்துப் போனைச் சட்டைப்பையில் போட்டேன்.

எனக்கு ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் செல்போன் பழுதுபார்க்கிற கடை. என் மனைவி பானுமதி வீட்டில் ஜாக்கெட் தைக்கிறாள். எங்கள் சந்துக் குழாயில் மூன்று வருஷமாகச் சாக்கடை வாடையோடுதான் தண்ணீர் வந்தது. மனு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோய், போன கோடையில் ஒருநாள் அந்தத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, "இத உங்க புள்ளைக்குக் குடுப்பீங்களா?" என்று இரண்டே நிமிஷம் பேசினாள். நான் எடுத்துப் போட்டேன். நாலு நாளில் ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் விடியும்போது சந்து முனையில் ஜே.சி.பி. நின்றது. அதனால் இன்டர்நெட்டைப் பற்றி என்னிடம் யாரும் மட்டமாகப் பேசக் கூடாது. என் மகள் இன்று குடிக்கிற தண்ணீர் அது கொண்டுவந்தது.

வார்டு தேர்தல் வந்ததும், "நீங்க நில்லுங்கக்கா" என்று அதே ஜனம்தான் எழுதியது. கட்சி கிடையாது, ஜீப் கிடையாது. சுயேச்சை, சின்னம் தண்ணீர்க் குழாய். அந்தப் பத்து நாட்களும் எப்படிப் போயின என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. காலையில் கொள்ளிடக்கரைப் பனிக்குள் அவள் முன்னால் நடப்பாள், நான் போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பேன். தெரியாத தெருக்களில் கதவு திறந்து, "அட, வீடியோ அக்கா!" என்பார்கள். போகாத வீட்டுக்குள்ளும் நாங்கள் ஏற்கெனவே போயிருந்தோம். தரையில் கால் பாவாத மாதிரிதான் இருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவைக் கடைசிக்கு வைத்தோம். வைத்தது நான்தான். "நம்ம ஜனம்தானே பானு, எல்லாரும் வாட்ஸ்அப் குரூப்ல இருக்காங்க. கடைசி நாள் சாயங்காலம் போயிக்கலாம்" என்றேன். கடைசி நாள் மாலை ஆறு மணியோடு பிரச்சாரம் முடிய வேண்டும். நாலரைக்குத் துபாயிலிருந்து அப்துல் மாலிக் கூப்பிட்டார். காட்டூர்க்காரர், அங்கே திருச்சிக்காரர்களைச் சேர்த்துச் சங்கம் நடத்துகிறார். "அரை மணி நேரம் லைவ்ல வாங்க தங்கச்சி" என்றார். ஐந்தே காலுக்குப் பானுமதி எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் விரலைத் தூக்கி, இன்னும் கொஞ்சம் என்றேன். எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது, அதை விட்டு என் கண் நகரவில்லை. முடித்துவிட்டு வாசலுக்கு வந்தபோது மணி ஆறு பத்து.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பினோம். பாலத்தின் மேல் பஸ் ஊர்ந்தது. காவிரி முழுக்கச் சாயங்கால வெயில். மலைக்கோட்டை பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

"ஏங்க, நம்ம பூத்துல எவ்வளவு?"

என் மடியில் பூத்வாரிக் கணக்கு இருந்தது. அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. "ஜெயிச்சவருக்கு இருநூத்திப் பன்னெண்டு. நமக்குத் தொண்ணூத்தி நாலு."

அவள் அழவில்லை. வெளியே பார்த்தபடி, "நம்ம தெருவே போடலையா?" என்றாள்.

சந்துக்குள் நுழைந்தபோது கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தோம். அடுத்த வீட்டு ரெங்கம்மாள் அக்கா வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கும் அவருக்கும் ஒரே சுவர். எங்கள் வீட்டில் தாளித்தால் அவர் தும்முவார். இன்று எங்களைப் பார்த்தும் தலையைத் தூக்கவில்லை.

பானுமதி நேராகப் போய் எதிரே நின்றாள். "என் மேல என்னக்கா கோவம்?"

"கோவம் என்னடி கோவம். அந்த ஆளு ரெண்டு தடவ வந்து வாசல்ல நின்னு கும்பிட்டான். நீ வருவ வருவன்னு மூணு நாளா ஆரத்தி கரைச்சு வச்சேன். கடைசி நாளு சுவத்துக்கு அந்தாண்ட உன் பேச்சு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. யார்கிட்டயோ ஓட்டு கேட்டுக்கிட்டு இருந்த."

"அக்கா..."

"பத்திரிக வைக்காத கல்யாணத்துக்கு நான் போவேனா? நான் யாருக்கும் போடல. வீட்டுலயே உக்காந்திருந்தேன்."

"தப்பு என்னோடதுக்கா" என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அந்த வீட்டில் மூன்று ஓட்டு. சந்தில் நாற்பது வீடு. கணக்கு தானாகவே மனசில் ஓடியது, சனியன்.

பானுமதி செருப்பைக் கழற்றினாள். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டு, படிக்குக் கீழே நின்று கைகூப்பினாள். "ரெங்கம்மாக்கா, நான் பானுமதி. குழாய்ச் சின்னம். உங்க ஓட்ட எனக்குப் போடுங்க."

"பைத்தியமாடி உனக்கு? எல்லாம் முடிஞ்சு போச்சு."

"தெரியும்க்கா."

ரெங்கம்மாள் அக்கா பூவை மடியிலிருந்து தட்டிவிட்டு உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் தாம்பாளம். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர், நடுவில் வெற்றிலை மேல் கற்பூரம். மூன்று சுற்று சுற்றினார். கட்டைவிரலால் தொட்டு பானுமதியின் நெற்றியில் வைத்தபோது இரண்டு பேரும் அழுதார்கள், நானும்தான்.

பழக்கதோஷம், என் கை பைக்குள் போய்ப் போனைத் தொட்டது. அது அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அக்கா சந்தின் நடுவில் ஆரத்தியைக் கொட்டினார். சிவப்புத் தண்ணீர் கோலத்தை நனைத்துக்கொண்டு, சரிவில், வீடு வீடாகத் தாண்டி மெதுவாக ஓடியது. பானுமதி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் கூடவே நடந்து, அடுத்த வாசலில் நின்று, கைகூப்பினாள்.